அலாரக்காரர் வீட்டு வயிற்றெரிச்சல்

என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அலாரக்காரர் என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்துமூன்று வருஷமாக ஊரார் வீட்டுக் கதவுக்கும் ஜன்னலுக்கும் திருட்டு அலாரம் மாட்டிக்கொண்டிருப்பவர். அவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது அவ்வளவு நல்லதில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

பத்தொன்பது வயதில் ஒரு கம்பெனியில் ஒயர் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு வருஷம் அடுத்தவர் வீட்டுப் பரணில் தவழ்ந்து, தும்மி, தொழிலைக் கற்றுக்கொண்டு தனியாக வந்தார். ஒரு வீட்டுக்குள் போனால் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தக் கதவு மழைக்கு உப்பிக்கொண்டு சாத்த வராது, பூனை உண்டா, திரைச்சீலை எவ்வளவு நீளம், இதையெல்லாம் பார்த்த பிறகுதான் டிரில்லையே வெளியில் எடுப்பார். எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு நடை இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் மெதுவாக நடப்பார், வேகமாக நடப்பார், கடைசியில் தரையோடு தரையாகத் தவழ்வார். எந்த இடத்தில் சென்சார் அவரைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்ப்பதற்கு. ஐம்பதை நெருங்குகிற ஆள் ஹாலில் நாலு காலில் போவதைப் பார்த்து அந்த வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பெட்டியைத் திறந்து, பேட்டரியில் தேதி எழுதி, சென்சார் முகத்தை ஒரு சின்ன பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வருவார். பொய் அலாரத்தில் பாதி எட்டுக்கால் பூச்சி பண்ணுகிற வேலை என்பார்.

கடையில் பெட்டி வாங்கித் தாங்களே ஒட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிற ஆட்கள் என்பார். அதைச் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். அலாரக்காரர் பெண்டாட்டி இல்லையா, எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

என் அம்மா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள். முப்பத்தெட்டு வருஷம் புழங்கிய வீடு. அவள் தைத்த திரைச்சீலைதான் எல்லா ஜன்னலிலும். போன வருஷம் ஒரு மத்தியானம், அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பின்கதவை நெம்பித் திறந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றையிலிருந்து அம்மாவுக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. பெரிய மாப்பிள்ளை தொழிலே இதுதானே, ஒரு அலாரம் மாட்டிவிட்டால் நிம்மதியாக இருப்பேன் என்று அவரிடம் கேட்டாள்.

அவரும் சரி என்றார். சும்மா சொல்லக்கூடாது, மனசாரத்தான் சொன்னார். சுவருக்குள் ஒயர் போட்டு, காலத்துக்கும் நிற்கிற மாதிரி செய்ய வேண்டும், அதற்கு இரண்டு முழு நாள் வேண்டும் என்றார். அந்த இரண்டு நாள் வரவே இல்லை. இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடம், அடுத்த வாரம் ஒரு கிடங்கு. அம்மா மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். நான் முப்பது தடவை. நாலு மாதம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி புருஷன் ஒரு அட்டைப்பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் எறும்பு அளவு திருகாணிகளோடு மல்லாடுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரைக்கும் படித்தாராம். பிறகு டேப்பை உரித்து ஒட்டினார். கதவுக்கு இரண்டு சென்சார், ஹாலுக்கு ஒன்று, போடவும் நிறுத்தவும் சுவரில் ஒரு சின்ன பேனல், அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. மறுநாளே அம்மா கதவு சாத்திக்கொண்டு, அலாரத்தைப் போட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. சின்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை. பால்காரரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், என்னிடமே சொன்னாள். தங்கச்சி ஒரு படி மேலே போய், "சில பேருக்கு ஊரார் வீடுதான் கண்ணுக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரருக்கு நம்ம வீடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயசிலிருந்தே அவள் எதைச் செய்தாலும் அம்மாவுக்கு அழகு. நான் ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு மருந்து வாங்கி, மாவு அரைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் என்ன பிரயோஜனம். ஒரு அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அவருக்கு என்னைவிட மோசம். அம்மா வீட்டுக்குப் போய் அந்தப் பேனலை முன்னாலும் பக்கத்திலும் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு குறை சொல்ல ஆரம்பித்தார். ஹால் சென்சாரை மேற்கு ஜன்னலுக்கு நேராக வைத்திருக்கிறாராம், நாலு மணி வெயில் மூஞ்சியில் அடிக்குமாம். உணர்திறனைக் குறைத்து வைத்திருப்பதால்தான் கத்தாமல் இருக்கிறதாம். நடந்து பார்த்தாரா, தவழ்ந்து பார்த்தாரா என்று என்னிடம் கேட்டார். நான் என்ன கண்டேன். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தக் கருவியில் ஏதாவது நடந்தால் ஒரு போனுக்குச் செய்தி வரும். எந்த எண்ணைப் போடுவது என்று வந்தபோது தங்கச்சி புருஷன் என் எண்ணைப் போட்டார். அக்கா பக்கத்திலேயே இருக்கிறார், அண்ணாவும் தொழில்காரர், உடனே போய்ப் பார்ப்பார் என்று அவராகவே சொன்னார். எங்களுக்கு மரியாதை கொடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். என் வீட்டுக்காரர் அன்றைக்கு அங்கே இல்லை. எரிகிற வயிற்றோடு இதையெல்லாம் போய் அவரிடம் சொல்வானேன் என்று நானும் சொல்லவில்லை.

நான் ஒரு சலவைக்கடையில் கவுன்டர் பார்க்கிறேன். ஒரு வியாழக்கிழமை, துணிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் துடித்தது. அமைப்பு மாற்றப்பட்டது, ஹால் சென்சார், உணர்திறன் இரண்டிலிருந்து ஐந்து, நேரம் மூன்று நாற்பது என்று இருந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. ஐந்துதான் உச்சம் என்று அதிலேயே போட்டிருந்தது. பிறகு புரிந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவரை மூன்றரை மணிக்கு அனுப்பியதே நான்தான்.

உள்ளே போய் மாற்றுவதற்கு ஒரு ரகசிய எண் வேண்டும். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தான் இருக்கும், மாட்டுகிறவர் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். தங்கச்சி புருஷன் புத்தகம் பூராவும் படித்தவர், இதை மட்டும் விட்டுவிட்டார். இவரோ புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர். இவர் மாட்டுகிற பேனல்களில் உள்ளே என்ன மாற்றினாலும் வெளியே யாருக்கும் தெரியாது. இந்தப் பெட்டி ஊருக்குச் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்தேன். சலூனுக்குப் போய் வந்த மாதிரி தெளிவாக இருந்தது. என்னங்க பண்ணீங்க என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நடக்கட்டும் என்று நினைத்தேன். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நாலு பத்துக்கு அலாரம் கத்தியது. அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். தங்கச்சி புருஷன் கடையில் ஒரு பெரியவரை ஒரு கண்ணை மூடி எழுத்துப் படிக்கச் சொல்லியிருந்தாராம். அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நாங்களும் போனோம். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தார். உம் என்றார். பிறகு எல்லோர் முன்னாலும் பேனலைத் தட்டித் திறந்து, கம்பெனி போட்ட ரகசிய எண்ணைக்கூட மாற்றவில்லையே, வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலில் மாட்டின கதையாக இருக்கிறதே என்றார். தங்கச்சி முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு இனித்தது. தங்கச்சி புருஷன் மட்டும், நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா என்று சொல்லி, நின்ற இடத்திலேயே அந்த எண்ணை மாற்றிவிட்டார். இனிமேல் என் வீட்டுக்காரராலும் உள்ளே போய்ப் பழையபடி குறைத்து வைக்க முடியாது. பெருமை பீற்றித் தன் கையைத் தானே கட்டிக்கொண்டார்.

அன்று இரவு சாப்பிடும் நேரத்தில் தங்கச்சி புருஷன் எனக்கு போன் பண்ணினார்.

"அக்கா, யாராவது செட்டிங்கை மாத்தியிருந்தா உங்க நம்பருக்கு மெசேஜ் வந்திருக்கும். ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே," என்றேன்.

"அப்ப நான் வச்ச இடம்தான் தப்பு போல. சரிக்கா, நீங்க சாப்பிடுங்க."

என் வார்த்தையை நம்பி அவர் உணர்திறன் பக்கமே போகவில்லை. தான் வைத்தபடியே இரண்டில்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார். சென்சாரை வேறு சுவருக்கு மாற்றினார். பேட்டரியை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடியதற்குக் கத்தியது. புதன்கிழமை எதற்கென்றே தெரியாமல் கத்தியது. ஒவ்வொரு தடவையும் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, ஏணியில் ஏறி நின்று, நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று தெரியவில்லையே என்று தனக்குள்ளேயே பேசிக்கொள்வார். என் வீட்டுக்காரர் கீழே நின்று, பெட்டிச் சரக்கு இப்படித்தான், கழற்றிப் போடுங்கள், நான் ஒயர் இழுத்துச் செய்து தருகிறேன் என்பார். இதற்குத்தானே அவர் இவ்வளவு தூரம் வந்தது. அம்மா வாயால், நீங்களே பண்ணிக்கொடுங்கள் மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை வர வேண்டும்.

அந்த வார்த்தை வரவில்லை. அம்மா பயந்துபோய்விட்டாள். ஹாலில் உட்காருவதில்லை. மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏறிக்கிடக்கிறது என்றார்கள். இனி எந்த மிஷினும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, பெரிய மாப்பிள்ளை மாட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மிஷின் இல்லாமலும் அவளால் தனியாக இருக்க முடியவில்லை. தங்கச்சி ஒரே முடிவாக, அம்மா எங்களோடு வந்துவிடட்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றாள். பிடிவாதக்காரியான என் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

அப்போதுகூட எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு இப்போது அம்மாவையும் அள்ளிக்கொண்டு போகிறாளே என்று தோன்றியது. அம்மா வீடு போகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அன்று அம்மா திரைச்சீலைகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி வீட்டு ஜன்னல் எல்லாம் சின்னது, இது அங்கே சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, சேராததையும் மடித்தாள்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டி வரும். திருட்டுத்தனமாகச் சரிபண்ணிவிடவும் வழியில்லை. பேனலைக் கழற்றி மேஜை மேல் வைத்தாயிற்று. சரியாகிவிட்டது என்று யார் போய்ச் சொன்னாலும் அம்மா நம்பமாட்டாள். அது ஏன் கத்தியது என்று தெரிந்தால்தான் இனி கத்தாது என்று அவளுக்கு நம்பிக்கை வரும். ஏன் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாப்பிடாமல் இருந்தார், ஒருத்தி மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாமான் ஏற்ற வண்டி வரச்சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அம்மா வீட்டு ஹாலில் இருந்தோம். தங்கச்சி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தவர், அம்மா முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, அது தானா கத்தல. நான்தான் கத்த வச்சேன். அந்த வியாழக்கிழமை மாத்திரை கொண்டாந்தப்ப ஹால் சென்சார உச்சத்துல வச்சுட்டேன். எல்லாரும் சின்னவரையே சொல்லிட்டிருந்தீங்க. என்னால தாங்க முடியல."

தங்கச்சி சுற்றிக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டாள்.

"இது பெரியவளுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னை இழுத்துட்டு வந்து உங்க முன்னால நிறுத்தியிருப்பா."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன், கிடைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தங்கச்சி புருஷனும் என்னைப் பார்த்தார். செய்தி வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். இல்லையே என்று நான் சொன்னதும் அவருக்குத்தான் தெரியும். அவர் குனிந்து மூட்டைக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

அம்மா நெடுநேரம் அவரைத் திட்டினாள். மாப்பிள்ளை என்று பார்க்காமல் திட்டினாள். தங்கச்சி அதற்கு மேல் திட்டினாள். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு அம்மா எழுந்து, மடித்து வைத்திருந்த மேற்கு ஜன்னல் திரைச்சீலையை எடுத்து உதறினாள். வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லு என்று தங்கச்சியிடம் சொன்னாள். அவ்வளவு திட்டு வாங்கியும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு லேசு வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கட்டின புருஷன் மேலேயே வந்தது.

தங்கச்சி புருஷன் பேனலைத் திரும்பச் சுவரில் மாட்டினார். ஹால் சென்சாரை எங்கே வைக்கலாம் என்று என் வீட்டுக்காரரையே கேட்டார். இவர் வெயில் படாத வடக்குச் சுவரைக் காட்டினார். வைத்ததும் நடந்து பார்த்தார், தவழ்ந்து பார்த்தார். அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் தங்கச்சி புருஷன் பேனலில் எதையோ தட்டிக்கொண்டே, செய்தி போகிற எண்ணை மாற்றிவிடுகிறேன் என்றார். பெரியவள் எண் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள் அம்மா.

"அக்காவுக்குக் கடையில வேலை சரியா இருக்கும் அத்தை. வர்ற மெசேஜையெல்லாம் பார்க்க முடியாது. அண்ணா நம்பரைப் போட்டுடறேன்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொய் சொன்னவளை எடுத்துவிட்டு, கெடுதல் செய்தவர் எண்ணைப் போட்டார். தங்கச்சி மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

என் வீட்டுக்காரர் போன் துடித்தது. எடுத்துப் படித்தார். சந்தோஷமாக என் பக்கம் நீட்டினார். அமைப்பு மாற்றப்பட்டது, பழைய எண் நீக்கப்பட்டது, புதிய எண் சேர்க்கப்பட்டது என்று இருந்தது. நீக்கப்பட்டது என்ற இடத்தில் என் எண், முழுசாக.

"பாரேன், எதை மாத்தினாலும் உடனே சொல்லிடுது," என்றார்.

சொல்லிவிட்டு இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மாவும் திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அன்னைக்கு உனக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லையே என்று சொல்ல வாய் வந்தது. ஒருமுறை சொல்லிப் பழகிய வாய்தானே.

"வந்துச்சு," என்றேன். "மூணு நாப்பதுக்கே வந்துச்சு."